வசனம் எண்ணும் அண்ணன்

இன்று காலை போடி பஸ் ஸ்டாண்டில் தேனி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். ஏலக்காய்க் கடையில் என்னோடு வேலை பார்க்கும் சேவியர் அண்ணனும் மதினியும் வந்தார்கள். மதினிக்கு நாளை கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷன். இன்றே தேனி ஆஸ்பத்திரிக்கு வந்து சேரச் சொல்லியிருந்தார்கள்.

அண்ணன் கையில் பைபிள். கொஞ்ச நாளாகவே கண்ணில் பட்ட வசனத்தின் எழுத்துகளை எண்ணுகிறார். ஏழால் வகுபட்டால் கர்த்தருக்குச் சம்மதமாம்.

பஸ் வந்தது. அண்ணன் ஏறவில்லை.

"நாளைக்கு வேணாம் தம்பி. எண்ணிப் பாத்தேன், மீதி வருது. அடுத்த வாரம் பாப்போம்."

"தள்ளிப் போடக் கூடாதுன்னு டாக்டரு சொன்னாராமேண்ணே?"

அண்ணன் மறுபடி எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடித்த வசனத்தையே திரும்பத் திரும்ப எண்ணினார். மனுஷன் பயந்துபோயிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

மதினி அவர் தோளில் கிடந்த துணிப்பையை வாங்கிக்கொண்டார்.

"நீங்க எண்ணிக்கிட்டு இருங்க. நான் போறேன்."

நானும் அவரோடு ஏறினேன். பஸ் கிளம்பியபோதும் அண்ணன் குனிந்த தலை நிமிரவில்லை.

இப்போது ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிறேன். வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். அண்ணன் போனை எடுக்கவில்லை. உள்ளே மதினி, "வந்துட்டாரா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பயந்தவரிடம் என்ன பேசினால் வருவார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கணக்கு வாத்தியார்கள் மட்டும் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளுங்கள்.