சகலையின் நாலு மணி

என் சகலையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு புரளாது. கெட்டதாகச் சொல்லவும் ஒன்றும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர் அவர். நகராட்சி நீச்சல் குளத்தைக் காலை ஐந்துக்குத் திறந்துவிடும் வேலை. அவர்கள் மாடியில், நாங்கள் கீழே. மனிதர் ஒன்பதரைக்குப் படுப்பார். தலையணையில் தலை படுவதற்குள் குறட்டை. நாலு மணிக்கு டாண் என்று எழுந்துவிடுவார். இருபது வருடமாக அலாரமே வைத்ததில்லையாம்.

நான் பஸ் டிரைவர். ஆறு வருடமாக மாற்று ஓட்டுநர் பட்டியலில் கிடந்தேன். யார் லீவு போட்டாலும் அவர் வண்டி என் தலையில் விழும். இன்று விடியற்காலை, நாளை மத்தியானம், மறுநாள் கடைசி வண்டி. படுத்தால் தூக்கம் வராது, ஸ்டியரிங்கைப் பிடித்தால் கொட்டாவி வரும். போன வருடம் பாலத்துத் திருப்பத்தில் ஒரு நொடி கண் செருகிவிட்டது. பின்னால் நாற்பது பேர். யாரும் கவனிக்கவில்லை, எனக்கு மட்டும்தான் தெரியும். அன்றிலிருந்து எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். தினமும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழுகிற பிழைப்பு.

முதல் வண்டி டிரைவர் ஓய்வு பெற்றபோது அதற்கு வழி பிறந்தது. ஒரு மாதம் தவறாமல் நாலே முக்காலுக்குக் கையெழுத்துப் போட்டால் அந்த வண்டி நிரந்தரமாக எனக்கு என்றார் டிப்போ மேனேஜர். ஒரு நாள் பிந்தினாலும் பழைய பட்டியல்தான்.

"அத்தான்கிட்ட கேளுங்களேன், எப்படி எந்திரிக்கிறார்னு," என்றாள் மனைவி. அத்தான் என்றாலே அவள் வாயில் தேன் ஒழுகும். கேட்டுத் தொலைத்தேன்.

"ஒன்பதரைக்குப் படுத்துருவேன், நாலுக்கு எந்திரிச்சிருவேன். வேற என்ன சகலை இருக்கு இதுல?" என்றார். ஏதோ மறைக்கிறார் என்றே நினைத்தேன்.

ஆனாலும் அவரை அப்படியே காப்பியடித்தேன். ஆறு மணிக்கு மேல் டீயைத் தொடவில்லை. ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தேன். இரண்டாம் நாளே அலாரத்தைத் தூக்கத்தில் அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்திருக்கிறேன். அன்று என்னை எழுப்பியது மாடிக் குழாய். சகலை வாளியை வைத்துத் தண்ணீரைத் திறந்தால் எங்கள் படுக்கையறைச் சுவருக்குள் குழாய் கடகடவென்று அதிரும். எந்திரிச்சிட்டான்யா என்று நினைத்தேன். அவ்வளவுதான், தூக்கம் போன இடம் தெரியவில்லை. பொறாமையைப் போல் ஒரு அலாரம் எந்தக் கடையிலும் கிடைக்காது.

அவருக்கு வேண்டாத அலாரம் எனக்கு மட்டும் எதற்கு? மறுநாளிலிருந்து அதை வைப்பதையே விட்டேன். "நான் எழுப்பட்டுமா?" என்று கேட்ட மனைவியிடமும், "வேணாம், எனக்கும் உடம்புக்குள்ள கடிகாரம் ஓடுது," என்று வீராப்புப் பேசினேன். ஓடியது என்னவோ மாடிக் கடிகாரம்.

பத்து நாளில் படுத்தவுடன் தூக்கம் வந்தது. கண்ணெரிச்சல் போனது. "அப்பா இப்பல்லாம் சாப்பிடும்போது தூங்கி விழறதில்ல," என்றாள் மகள்.

இருபத்தாறாம் நாள் மாலை மாடியில் எங்களுக்குச் சாப்பாடு. "இவரும் அப்படியே அத்தான் மாதிரி ஆயிட்டாருக்கா," என்றாள் மனைவி. என் இருபத்தாறு நாள் பாடும் அவர் பெருமையில் சேர்ந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் எங்க தூங்கறேன்? நாலு மணிக்கு நீங்க குழாய் போடற சத்தத்துல வீடே அதிருது," என்றேன்.

சகலையின் முகம் சுருங்கியது. "இத்தன நாளா சொல்லவேயில்லையே," என்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. இன்னொரு கரண்டி சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

மறுநாள் கண் விழித்தபோது ஜன்னலில் வெயில். மணி ஆறு இருபது. சட்டைப் பொத்தானைத் தெருவில் போட்டுக்கொண்டே ஓடினேன். முதல் வண்டியை வேறொருவர் எடுத்துப் போய் ஒரு நடை முடித்துத் திரும்பியிருந்தார். மேனேஜர் திட்டவில்லை, திட்டியிருந்தாலாவது தேவலை. பலகையில் மாற்று ஓட்டுநர் வரிசையின் கடைசியில் என் பெயரை எழுதினார். "இன்னைக்கு வண்டி இல்ல. நாளைக்குக் கடைசி வண்டி எடுங்க," என்றார்.

டிப்போ பெஞ்சிலேயே கிடந்துவிட்டுப் பதினோரு மணிக்கு வீடு திரும்பினேன். குளத்து வேலை முடிந்து வந்த சகலை படிக்கட்டில் எனக்காகக் காத்திருந்தார்.

"சத்தம் கேட்டுச்சா சகலை? நேத்து படுக்கறதுக்கு முன்னாடியே ரெண்டு வாளி பிடிச்சு வெச்சுட்டேன். செருப்பைக்கூடக் கையில எடுத்துக்கிட்டுத்தான் எறங்கினேன். இனிமே தெனமும் இப்படித்தான். நல்லா தூங்கினீங்களா?"

கேலி இருக்கிறதா என்று அந்த முகத்தில் தேடினேன். இருந்தால் சண்டையாவது பிடிக்கலாம். மருந்துக்கும் இல்லை.

"ரொம்ப நல்லா தூங்கினேன் சகலை," என்றேன்.

"இப்பத்தான் மனசு ஆறுச்சு," என்று சொல்லிவிட்டு, அவர் மாடியேறினார்.