ஓசி மருந்து

ஏழாம் வகுப்பில் எங்கள் அறிவியல் டீச்சருக்கு ‘ஓசி டீச்சர்’ என்று பெயர் வைத்தவள் நான்தான். அந்தப் பெயர் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவ இரண்டு நாள்கூட ஆகவில்லை. அதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. இன்றைக்கு நானும் ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். பள்ளிகளுக்கு யார் எதை இலவசமாகத் தருகிறார்கள் என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் செல்போனில் தேடிக்கொண்டிருக்கிறேன். எனக்கும் பிள்ளைகள் ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். வைக்கட்டும், எனக்கு நன்றாக வேண்டும்.

டீச்சருக்கு ‘இலவசம்’ என்ற சொல் எங்கேயாவது கண்ணில் பட்டால் போதும், உடனே கடிதம் எழுதிவிடுவார். வனத்துறையிலிருந்து மரக்கன்று, வேளாண்மை அலுவலகத்திலிருந்து விதைப் பொட்டலம், யாரோ அச்சடித்த பறவைப் படங்கள், குப்பையைப் பிரிப்பது பற்றிக் குட்டிப் புத்தகங்கள். எல்லாவற்றையும் புடவைக் கடைப் பைகளில் அடைத்துக்கொண்டு ஆரணி பஸ் ஸ்டாண்டிலிருந்து வேர்த்து விறுவிறுத்து நடந்து வருவார். “அத்தனையும் ஃப்ரீ புள்ளைங்களா. கேட்டாதான குடுப்பாங்க?” என்பார். எங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டில் கொஞ்சம் காபித்தூள் கேட்டு வாங்குவதே கேவலம். ஆகவே அவர் எனக்கு ஓசி டீச்சர் ஆனார்.

அந்த வருடம் சென்னையில் ஒரு அறக்கட்டளைக்கு எழுதி, தண்ணீரைச் சோதிக்கும் பெட்டி ஒன்றை வரவழைத்தார். உள்ளே சின்னச் சின்ன மருந்து பாட்டில்கள், கண்ணாடிக் குழாய், சொட்டு விடும் ஃபில்லர், முடிவுகளை எழுத ஒரு பெரிய தாள். ஒவ்வொருத்தியும் தன் தெருவில் ஜனங்கள் பிடிக்கும் தண்ணீரை ஒரு பாட்டில் கொண்டுவர வேண்டும். சோதித்து, தாளை நிரப்பி அனுப்பினால், வகுப்பு முழுவதையும் பஸ் வைத்து வேடந்தாங்கலுக்குக் கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டுவார்களாம். அதுவும் ஓசிதான். ஆனால் இந்த ஓசியை நாங்கள் யாரும் கேலி செய்யவில்லை.

எனக்கு மட்டும் அந்தப் பெட்டி பிடிக்கவில்லை. எங்கள் அப்பாவுக்குச் சாயப்பட்டறை. தறிக்காரர்களுக்குப் பட்டு நூலுக்குச் சாயம் போட்டுக் கொடுப்பார். மிஞ்சுகிற சாயத் தண்ணீர் பட்டறைக்குப் பின்னால் கால்வாயில் ஓடும். இன்றைக்கு அரக்கு என்றால் நாளைக்குக் கிளிப்பச்சை. அந்தக் கால்வாயிலிருந்து இருபது அடி தள்ளித் தெருவின் அடிபம்பு. நாங்கள் குடிக்க கேன் தண்ணீர் வாங்கிவிடுவோம். பக்கத்து வீட்டு ரேவதி குடும்பத்துக்கு எல்லாவற்றுக்கும் அந்தப் பம்புதான். ரேவதி என் வகுப்பு. கைக்குழந்தையான தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே பம்பு அடிப்பாள். அவள் கைமாற்றிக் கொடுத்தால் நானும் அவனைக் கொஞ்ச நேரம் தூக்கி வைத்துக்கொள்வேன்.

வீட்டில் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். அப்பா கையிலிருந்த நூல் கட்டை அப்படியே கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினார்.

“ரிசல்ட்டு எங்க போவுது?”

“மெட்ராஸுக்குப்பா.”

“மெட்ராஸுக்கா? பேஜாரு. எவனாவது வந்து பட்டறைய மூடுன்னு சொல்லிட்டா நம்ம கதி இன்னா?”

சொன்னவர் மறுபடி வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பட்டறையை மூடினால் என் படிப்பு, எங்கள் வீடு, அப்பாவின் மானம் எல்லாம் அந்தத் தாளோடு போய்விடும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். காலையில் பம்புக்குப் போகாமல், சமையலறைக் கேனிலிருந்து என் பாட்டிலை நிரப்பினேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை, என் சொந்தப் புத்திதான்.

முதலில் டீச்சர் பள்ளிக்கூடத் தொட்டித் தண்ணீரை எடுத்துச் செய்து காட்டினார். குழாயில் தண்ணீர் ஊற்றி ஒரு மருந்து விட்டதும் அது வாடாமல்லி நிறமானது. இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ண வேண்டும். நிறம் நீலத்துக்கு மாறினால் நிறுத்த வேண்டும். எத்தனை சொட்டோ அத்தனை உப்பு. பள்ளிக்கூடத் தண்ணீருக்குப் பத்துச் சொட்டு. மற்றவர்களுக்கு இருபது, இருபத்தைந்து. ரேவதியின் தண்ணீர் நாற்பது சொட்டுக்குப் பிறகும் வாடாமல்லியாகவே இருந்தது. பாட்டிலை மூக்கருகே கொண்டுபோன டீச்சர் முகத்தைச் சுளித்தார்.

அடுத்தது என்னுடையது. ஒரே சொட்டு. பளிச்சென்று நீலம்! வகுப்பு கை தட்டியது. நானும் பரிசு வாங்கியவள் மாதிரி நிமிர்ந்து நின்றேன்.

டீச்சர் குழாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “எங்கம்மா புடிச்ச?” என்று மெதுவாகக் கேட்டார்.

“எங்க தெரு பம்புல, டீச்சர்.”

ரேவதி துள்ளி எழுந்தாள். “இன்னாடி இப்டி புளுவுற? நானும் அதே பம்புலதான புட்ச்சிகினு வந்தேன்! டீச்சர், இவங்க பட்டறைத் தண்ணிதான் அங்க வந்து…”

அவளை முடிக்க விடவில்லை. “அவதான் டீச்சர் புளுவுறா. இல்லன்னா மருந்து கெட்டுப் போயிருக்கும். ஓசியில வந்த மருந்துதான!”

அந்தச் சொல்லை அவர் முகத்துக்கு நேராக யாரும் அதுவரை சொன்னதில்லை. யாரோ களுக்கென்று சிரிக்க, மொத்த வகுப்பும் சிரித்துத் தீர்த்தது. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு ஃபில்லரைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஆமாம்மா, மருந்து பழசு போல. இத நம்ப முடியாது. எல்லாரும் தண்ணியக் கொட்டிடுங்க” என்றார் கடைசியில்.

“என்னுது நெஜம் டீச்சர்” என்று ரேவதி அழுதாள். டீச்சர் அவள் தலைமேல் கை வைத்தார். தாள் சென்னைக்குப் போகவில்லை. நாங்களும் வேடந்தாங்கல் போகவில்லை. கெட்டுப்போன மருந்தைக் கேட்டு வாங்கி எங்கள் பயணத்தைக் கெடுத்தார் என்று டீச்சரை எல்லாரும் திட்டினார்கள். அதில் என் குரல்தான் உரக்க இருந்தது.

அந்த வாரம் ஒரு சாயங்காலம் டீச்சர் ரேவதி வீட்டுக்கு வந்து அவள் அம்மாவோடு பேசிவிட்டுப் போனதைப் பட்டறையிலிருந்து பார்த்தேன். எங்கள் வாசலைத் தாண்டும்போது உள்ளே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து ரேவதி பள்ளி விட்டதும் தொட்டிக் குழாயில் இரண்டு பாட்டில் நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

“இன்னாடி, ஓசித் தண்ணியா? நீயும் டீச்சராட்டம் ஆயிட்டியா?”

அவள் பாட்டில்களை மார்போடு அணைத்துக்கொண்டு போய்விட்டாள். பள்ளிப் படிப்பு முடியும்வரை என்னோடு பேசவே இல்லை. தம்பியையும் அதன்பிறகு என் கையில் கொடுத்ததில்லை.

போன மாதம் என் பள்ளிக்கும் அப்படி ஒரு பெட்டி வந்தது. இரண்டு முறை எழுதிக் கேட்டு வாங்கினேன். ஒரு பெண் கொண்டுவந்த தண்ணீரில் முதல் சொட்டிலேயே பளிச்சென்று நீலம். கேன் தண்ணீர் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எங்கள் பக்கத்து நிலத்தடித் தண்ணீரில் அந்த நீலம் முதல் சொட்டில் வரவே வராது. ஃபில்லரைக் கீழே வைத்தேன்.

அன்றைக்கு டீச்சருக்கும் தெரிந்திருக்கிறது. உப்புத் தண்ணீரில் சாயம் சரியாகப் பிடிக்காது என்று அப்பா டேங்கர் தண்ணீர் வாங்குவார், அந்த டேங்கர் பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் போகும். எங்கள் தெருத் தண்ணீர் உப்பு என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ‘கேன் தண்ணியா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாற்பது பேருக்கு முன்னால் என் சாயம் வெளுத்திருக்கும். சாயக்காரர் மகளுக்கு அதைவிட அசிங்கம் என்ன இருக்கிறது? அவர் கேட்கவில்லை. பொய்யை எழுதி அனுப்பவும் இல்லை. தன் மருந்துதான் கெட்டது என்று சொல்லிவிட்டு எங்கள் சிரிப்பை வாங்கிக்கொண்டு போனார். என்ன பிள்ளை நான்! இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பம்புத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லத்தான் அவர் ரேவதி வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த இரண்டு பாட்டில் தண்ணீரும் தம்பிக்குப் பால்மாவு கரைக்கத்தான் என்று இப்போதுதான் உறைக்கிறது. நான் தூக்கிக் கொஞ்சிய குழந்தை, அதற்கு எந்தத் தண்ணீரில் பால் கரைக்கிறார்கள் என்று ஒரு நாளும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஓசித் தண்ணி என்று பெயர் மட்டும் வைத்தேன்.