வெண்டெல் வீட்டுத் தோட்டா மேசை

வெண்டெல் ஹாக்ஸ்டாட்டைக் காலையில் எழுப்பி, முகம் மழித்து, காலுறை மாட்டி நாற்காலியில் உட்கார வைப்பது என் வேலையாக இருந்தது. மர அறுவை ஆலையில் உழைத்த உடம்பு. நடுக்க நோய் வந்து இப்போது கரண்டி பிடிக்க முடியாது. ஊரில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. கை ஓடியவரை, தன் வாசல் பனியோடு பக்கத்து வீடுகளின் பனியையும் வாரிவிட்டவர்.

வீட்டு நிலவறையில் ஒரு மேசை. பௌலிங் விளையாட்டுக் கூடத்தை இடித்தபோது கிடைத்த மேப்பிள் பலகையில் அவருடைய அப்பா செய்தது. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளில் மறுபடி வெடிமருந்து நிரப்பித் தோட்டாவாக்கும் மேசை. குடும்பத்தில் யார் முதல் மானை அடித்தாலும் அந்தத் தோட்டாவின் கூட்டை மேசை விளிம்பில் பதிப்பார்கள். வெண்டெலின் தம்பி லைலின் கூடும் அதில் இருந்தது.

லைலின் வலக்கண் கண்ணாடியால் ஆன பொய்க்கண். வாலிபத்தில் கையிலிருந்த வேட்டைத் துப்பாக்கி வெடித்துப் பிளந்தது. பீர் குடித்துக்கொண்டே ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து போட்டுவிட்டான் என்று அப்பா சொன்னார். சாகும்வரை லைலை மேசைப் பக்கம் விடவில்லை. லைலும் அதை நம்பி, பீரை விட்டார்.

வெண்டெல் பராமரிப்பு இல்லத்துக்குப் போவது முடிவானதும், லைலின் மகள் கார்லா மேசையைக் கேட்டாள். வெண்டெல் மறுத்தார்.

“அதை உடைச்சு அடுப்புல போடச் சொல்லு, ஹெட்டி,” என்றார், நான் மழித்துக்கொண்டிருக்கும்போது.

“நல்ல மேப்பிள். எதுக்கு எரிக்கணும்?”

“லைல் ஒரு தப்பும் பண்ணல. நான்தான்.”

கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, அவர் சொன்னதைக் கேட்டேன். மேசைக்கு ஒரு விதி உண்டு. வேலை முடிந்ததும், மருந்தை அளந்து போடும் அளவைக் கருவியின் கண்ணாடிக் குடுவையில் மிஞ்சிய மருந்தை அதன் டப்பாவில் உடனே கொட்டிவிட வேண்டும். வெண்டெல் கைத்துப்பாக்கித் தோட்டா நிரப்பிவிட்டு, வானொலியில் கூடைப்பந்து கேட்க மேலே ஓடினார். மறுநாள் மேசையில் வேட்டைத் துப்பாக்கி மருந்து டப்பா இருந்தது. குடுவையில் இருந்ததும் அதுதான் என்று எண்ணி அந்த டப்பாவில் கொட்டினார். இரண்டும் பார்க்க ஒரே கருப்புப் பொடி. ஆனால் கைத்துப்பாக்கி மருந்து வேகமாக எரியும். பெரிய துப்பாக்கியில் போனால் இரும்பே பிளக்கும். லைல் அந்த டப்பாவிலிருந்து நிரப்பினார்.

விபத்துச் செய்தி வந்த பிறகுதான் வெண்டெலுக்கு விளங்கியது. கெட்டுப்போன மருந்தை எல்லோரும் செய்வதுபோல, டப்பாவில் இருந்ததைக் கொல்லைப் புல்லுக்கு எருவாகத் தூவிவிட்டார்.

“அந்த வருஷம் அந்த இடத்துல மட்டும் புல்லு எவ்வளவு பச்சையா வந்துச்சு தெரியுமா? நான்தான் வெட்டினேன்.”

“எங்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? கண்ணு போனது எனக்கில்ல.”

“நான் செத்தப்புறம் நீ சொல்லிரு.”

“அது என் வேலையில சேராது. ஞாயித்துக்கிழமை உங்க தம்பி வர்றார். நீங்களே சொல்லுங்க.”

ஞாயிறன்று கார்லா கறியும் உருளைக்கிழங்கும் கொண்டுவந்தாள். லைல் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம், “என்ன ஹெட்டி, ஒரு பக்கம்தான் மழிச்சியா? எனக்குத் தெரியுற பக்கம் கோரமா இருக்கு,” என்றார். பிறகு அண்ணன் எதிரே உட்கார்ந்தார். “மேசையை ஏன்டா தரமாட்டேங்கற? திரும்பக் குடிச்சிருவேன்னு பயமா?”

“நீ குடிச்சதால நடக்கல, லைல். டப்பாவுல மருந்தைக் கலந்தது நான்.” மிச்சத்தையும் சொன்னார்.

லைல் கரண்டியைத் தட்டில் வைத்தார். “அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“சாகக் கிடந்தப்ப அவர் கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டேன். நீ கட்டில்கிட்டதான் நின்ன.”

“நின்னேன்.”

“கார்லா, இங்க வா. இவகிட்டயும் சொல்லு. எல்லாத்தையும்.”

வெண்டெல் மறுபடி சொன்னார். பாதியில் நான் தண்ணீர் கொடுத்தேன். யாரும் உதவிக்கு ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. கறி ஆறிப்போனது.

பிறகு லைலும் கார்லாவும் மேசையின் மரையாணிகளைக் கழற்றி, வண்டியில் ஏற்றினார்கள். கடைசியாக லைல் அளவைக் கருவியை மட்டும் எடுத்துவந்து வெண்டெலின் மடியில், போர்வைமேல் வைத்தார்.

“இது உங்கிட்டயே இருக்கட்டும்.”

என்னிடம் விடைபெற்றுக்கொண்டு போனார். அண்ணனிடம் சொல்லவில்லை.

இல்லத்தில் அந்தக் கருவி ஜன்னலோரம் இருக்கிறது. லைல் இன்னும் வரவில்லை. நான் போய்த் தூசி துடைக்கும்போதெல்லாம் வெண்டெல் கேட்கிறார்: “குடுவையில ஏதாவது இருக்கா பாரு.”

வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறேன். “காலி,” என்கிறேன்.

“நல்லாப் பாரு,” என்கிறார்.