வேலியேறி வந்த தண்ணீர்

சுக்குத் தூளும் சேறும் கலந்த ஒரு நெடிதான் எங்கள் வீட்டு வாசனை. சுக்கு, கொச்சங்காடி மசாலாக் கிடங்கில் சாக்கு தைத்துவிட்டு வரும் அப்பாவின் சட்டையிலிருந்து; சேறு, கொல்லைக்குப் பின்னால் விரிந்து கிடந்த வயலிலிருந்து. தென்காசியிலிருந்து வந்த எங்களுக்கு மட்டாஞ்சேரி வாடகை கட்டுப்படியாகாமல், நகரம் முடிந்து உப்புநீர் வயல் தொடங்குகிற தெற்கு ஓரத்தில் ஓர் ஓட்டு வீடு பிடித்திருந்தோம். கையளவு கொல்லைக்கு வேலி கட்டி, கீரை போட்டு விற்றாள் அம்மா. என் பள்ளிக்கூடச் செலவெல்லாம் அந்தக் கீரைதான்.

கார்த்திகையில் ஒருநாள் பக்கத்து வீட்டுத் திரேசா சேச்சி, "நாளெ 'வேலியேற்றம்' உண்டு, சூக்ஷிச்சோ" என்று எச்சரித்துவிட்டுப் போனார். சாயா குடிக்கவும் பஸ் ஏறவும் போதுமான மலையாளம்தான் அப்போது எங்களிடம் இருந்தது. அப்பா அதை அப்படியே தமிழாகக் கேட்டுக்கொண்டார்: எவனோ வேலி ஏறிக் குதிக்கப் போகிறான்! "எங்கிட்டயேவா? வரட்டும், பாப்போம்" என்று முள் வெட்டிவந்து வேலியை இறுக்கிக் கட்டி, மறுநாள் விடிந்ததும் உலக்கையோடு கொல்லையில் உட்கார்ந்துவிட்டார். வந்தது கடல். வேலியேற்றம் என்றால் கடல் பொங்குவதாம்! முள்ளுக்கு அடியில் சத்தமே போடாமல் நுழைந்த உப்புத்தண்ணீர் பாத்திகளை நிறைத்தது, உலக்கையோடு நின்ற அப்பாவைப் பார்த்துச் சேச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. அந்த வாரமே கீரை கருகிப்போயிற்று. மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். "செத்த மண்ணுட்டி இது. முழுப் பரீட்சை முடியட்டும், ஊருக்குக் கெளம்பிருவோம்." ஊரில் எங்களுக்கென்று என்ன இருந்தது? அப்பா திருப்பூருக்கும், நானும் அம்மாவும் மாமா வீட்டு அடுப்படிக்குமாகப் பிரிந்து கிடக்கவேண்டும்.

சேச்சிதான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "போவல்லே மோளே, ஒரு மழ கழியட்டே." ஒரு மழை பெய்து முடியட்டும், போகாதே என்று அர்த்தம். அரை மனதாக அம்மா இருந்தாள்.

வைகாசிக் கடைசியில் மழை வந்தது. சேச்சி வீட்டார் வயற்சேற்றை மேடு மேடாகக் குவித்துவைத்திருந்தார்கள். கொட்டிய மழை மேட்டிலிருந்த உப்பையெல்லாம் கழுவி இறக்க, அதன்மேல் 'பொக்காளி' என்கிற நெல்லை முளைகட்டி விதைத்தார்கள். ஆள் போதாமல் அம்மாவையும் கூப்பிட்டார்கள். புரட்டாசியில் அந்த நெல் என்னைவிட உயரமாகி, காற்று அடித்ததும் தண்ணீர்மேல் சாய்ந்து படுத்து, கதிரை மட்டும் நிமிர்த்திக்கொண்டு நின்றது. அடேயப்பா, அந்தக் காட்சி! தண்ணீரை நக்கிப் பார்த்தேன், கரித்தது. பால்பிடித்த கதிரைக் கடித்தேன், இனித்தது. "உப்பைக் குடிச்சிட்டு இது எப்பிடிட்டி இனிக்கி?" என்று இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி அம்மா அந்த வயலைக் கையெடுத்துக் கும்பிட்டாள். கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு தாளை விட்டுவிட்டார்கள். அது அழுகியதைத் தின்று அதே தண்ணீரில் இறால் வளர்ந்தது. அம்மாவும் கொல்லையில் மண்மேடு போட்டாள். கீரை வந்தது. ஊருக்குப் போகிற பேச்சு அதோடு நின்றது.

இன்று அந்த வயல் இல்லை. செம்மண் அடித்துத் தூர்த்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். சேச்சி மகனோடு நகரத்துக்குள் கலூருக்குப் போய்விட்டார். தண்ணீர் மட்டும் வருகிறது, முன்னைவிட அதிகமாக வருகிறது, திரும்பிப் போக இடமில்லாமல் வீட்டுக்குள்ளேயே நிற்கிறது. போன கார்த்திகையில் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்த அசாம்காரப் பெண், கைக்குழந்தையோடு முழங்கால் தண்ணீரில் நின்று, தனக்குத் தெரிந்த கொஞ்ச மலையாளத்தில் அம்மாவிடம் கேட்டாள்: "சேச்சி, நாங்கள் இங்கே இருக்கலாமா, காலி பண்ணிவிடலாமா?"

கூட்டிக்கொண்டு போய்க் காட்ட அம்மாவிடம் வயல் இல்லை. குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அறியில்ல மோளே" என்றாள், தெரியவில்லை மகளே என்று.