அங்கியின் ஓரம்

பனியனின் அடி ஓரத்தை மடித்துத் தைப்பதுதான் பதினேழு வருடமாக ஜெபக்கனியின் வேலை. கணவன் துரைசிங்கோடு சாத்தான்குளத்திலிருந்து திருப்பூருக்கு வந்தவள், அனுப்பர்பாளையத்துக் கம்பெனி ஒன்றில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். இன்னும் எழுந்திருக்கவில்லை.

போன வருடம் துரைசிங் ஈரல் கெட்டுப் படுத்துவிட்டான். ஜெபக் குழுவினர் வீட்டுக்கு வந்து, "ஆண்டவரு நம்ம அப்பாதானக்கா, உரிமையோட கேளுங்க, கொடுப்பாரு" என்றார்கள். மூன்று வாரம் ஒருவேளைச் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கேட்டாள். அவன் போய்ச் சேர்ந்தான். விசுவாசம் போதவில்லை என்று குழுவில் ஒருத்தி சொன்னது அவள் காதில் விழுந்தது. அதற்குப் பிறகும் ஆலயத்துக்குப் போனாள். பாட்டுக்கு எழுந்து நின்றாள். எதையும் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள்.

ஒரு ஞாயிறு, வேதபாடம் வாசிக்க வேண்டியவர் வரவில்லை. போதகரின் மனைவி பைபிளை இவள் கையில் கொடுத்தார். தீர்க்கதரிசி ஒருவர் ஆண்டவரை உயர்ந்த சிங்காசனத்தில் காணும் பகுதி. அவருடைய அங்கியின் ஓரமே ஆலயம் முழுவதையும் நிறைத்திருந்தது என்கிற இடம் வந்ததும் அந்த வரியிலேயே விரலை வைத்து நின்றாள். ஓரம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். எவ்வளவு பெரிய ஆளின் சட்டையானாலும் ஒரு இஞ்சுக்கு மேல் போகாது. முன் வரிசையில் யாரோ இருமினார்கள். மீதியை வாசித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். துக்கம் அப்படியேதான் இருந்தது. ஓரமே ஆலயத்தை நிறைக்கிறவர், ஒருத்தியின் விசுவாசத்தை இஞ்சுக் கணக்கில் அளந்து கொடுக்கிறவராக அவளுக்குத் தோன்றவில்லை. தன் விசுவாசம்தான் குறை என்கிற உறுத்தல் மட்டும் போயிருந்தது.

மறுநாள் டீ நேரத்தில் பக்கத்து மெஷின் மருதாளிடம் இதைச் சொன்னாள். மருதாள் கிருத்திகை தவறாமல் முருகனைக் கும்பிடுகிறவள்.

"ஓரமே அத்தனைங்களா? அப்ப மூஞ்சி எப்படிங்க இருந்துச்சாம்?"

"அத எழுதலக்கா. பக்கத்துல நின்ன தூதர்களே மொகத்த மூடிக்கிட்டாங்களாம்."

"கண்ணுக்கே சிக்காத சாமிகிட்ட என்னனுங்க பேசறது?"

"பேசலக்கா. இருக்காருல்லா, போதும்."

அந்த வாரக் கடைசியில் ஜெபக் குழு மறுபடி வந்தது. எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள்.

"ஜெபத்துல என்ன விண்ணப்பம் வைக்கணும்க்கா?"

"ஒண்ணும் வேண்டாம். கொஞ்ச நேரம் சும்மா முழங்கால் போடுவோம்."

விசுவாசம் போதவில்லை என்றவளும் வந்திருந்தாள். டீ டம்ளரை ஓரமாக வைத்தாள். சிமெண்ட் தரையில் ஏழு பேரும் மௌனமாக முழங்காலிட்டார்கள்.