டிரம்பெட்காரர் என்னைப் பார்த்த இடம்

ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுவது என் வேலை. பேண்டுக்காரர்கள் என்றாலே எனக்கு எரிச்சல். பெண் வீட்டார் உட்காரும் முன்பே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அன்றும் முறைத்துக்கொண்டேதான் சாம்பார் ஊற்றினேன். டிரம்பெட் வாசிக்கிற பெரியவர் இலையை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"உன்ன எங்கியோ பாத்துக்கீறேன்மா."

"எங்க?"

ஏதோ ஞாபகம் வந்தவர்போலக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார். "இங்க வேணாம். அப்பால சொல்றேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வேலை முடிந்ததும் நேரே எதிர் டீக்கடைக்குப் போனேன். அந்தப் பெரியவர் சரிகை வைத்த சிவப்புக் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"கல்யாண வூட்ல சாவப் பத்திப் பேசக்கூடாது, அதான். உங்க நைனா சாவுல, பொணத்த எடுக்கசொல்ல நாங்கதான் வாசிச்சோம்."

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் போன அந்த நாள் எனக்கு நினைவிலேயே இல்லை. அழுதேனா என்றுகூடத் தெரியாது.

"வந்தவங்க அல்லாருக்கும் நீதான் டீ குடுத்துகினு இருந்தே. எங்களுக்கும் குடுத்தே. நீ ஒரு வாய் குடிக்கல."

கடைக்காரரிடம் இன்னொரு டீ சொன்னார். அதை என் கையில் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றார்.