பாலிக் புலாவுக்குப் போன இடுப்பளவுகள்

என் கணவருக்குப் பயம் வந்தால் அதைப் பயம் என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். வேறு ஏதாவது ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தப் பயத்தை அதன் தலையில் கட்டிவிடுவார். துறைமுகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த மனிதர். எந்தக் காகிதமானாலும் மூன்று பிரதி எடுத்து மூன்று இடத்தில் வைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள், பெரியாஸ்பத்திரி டாக்டர் என் கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது என்றார். எடுத்துவிட வேண்டும், தீபாவளி வேலையை முடித்துக்கொண்டு வந்து படுத்துக்கொள்ளுங்கள் என்றார். இவர் என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். டாக்டரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எங்கள் தையல் கடை வாசலில் வண்டியை நிறுத்திய பிறகு, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நம்ம கம்ப்யூட்டர் நாளைக்குத் திடீர்னு நின்னு போச்சுன்னா, அதுல இருக்கிற அளவுக்கு வேற காப்பி எதுவும் இருக்கா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டி எனக்கு வந்திருக்கிறது, மனிதர் கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்க்கிறார். கதவை அறைந்து சாத்திவிட்டு உள்ளே போய்விட்டேன்.

நான் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருந்தேன். தைப்பதற்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். அளவெடுப்பதும் துணி வெட்டுவதும் நான் மட்டும். ஜோர்ஜ் டவுனில் இருந்த டீச்சர்கள், கிராணி வீட்டம்மாக்கள், செட்டியார் வீட்டுப் பெண்கள் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். அக்கரையில் தாசேக் கெலுகோரிலிருந்து பஸ் பிடித்து, ஃபெர்ரி ஏறி வருகிறவர்களும் உண்டு. நான் ஒன்றும் வானத்தில் பறக்கிற தையற்காரி இல்லை. என் வாய் இறுக்கமான வாய், அவ்வளவுதான். மற்றக் கடைகளில் டேப்பைப் பிடித்துக்கொண்டு முப்பத்தெட்டு, நாற்பது என்று ஏலம் போடுவார்கள். நான் ஒரு சத்தமும் இல்லாமல் எழுதிக்கொள்வேன். போன தீபாவளிக்கு இப்போது நீங்கள் ஒரு சுற்று கூடியிருக்கிறீர்கள் என்று யாரிடமும் சொன்னதில்லை. கூடத் துணி விட்டுத் தைத்துவிடுவேன், அவர்களும் நான் இளைத்துத்தான் இருக்கிறேன் என்று சந்தோஷமாகப் போட்டுக்கொண்டு போவார்கள்.

அந்த அளவுகளை முன்பு அட்டைகளில் வைத்திருந்தேன். அலமாரியில் கறையான் புகுந்து பாதியைத் தின்றதும் இவர்தான் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். இனிமேல் உங்கள் அளவை என்னைத் தவிர ஒரு ஈ காக்கை பார்க்க முடியாது என்று வாடிக்கைக்காரர்களிடம் நானும் பெருமையாகச் சொல்லிவைத்தேன்.

கதவை அறைந்தேனே தவிர, அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், தை மாதக் கல்யாண வேலைக்கு வேறு கடையிலிருந்து வெட்டுகிற ஆளைப் பிடிக்கலாம். அளவு இல்லாமல் வந்தவர் எதை வெட்டுவார்? தைக்கிற இரண்டு பெண்களின் வீட்டிலும் இந்தக் கடையை நம்பித்தான் உலை வைத்தார்கள். நான் எழுந்து வராமலே போய்விட்டால் என்ன ஆகும் என்பதும் இருந்தது. அதை நாங்கள் இருவரும் பேசவில்லை. வீட்டில் நாங்கள் இருவர்தான், பிள்ளைகள் கிடையாது. பேசாமல் இருப்பதற்கு அது ரொம்ப வசதி.

அடுத்த சனிக்கிழமை கொம்தார் கட்டட மாடிக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். எங்களுக்குக் கம்ப்யூட்டர் விற்ற சீனர் அங்கேதான் கடை வைத்திருந்தார். நடுவயசு, பொறுமைசாலி, எங்களோடு மலாயில் பேசுவார். இவர் அவரைக் கேட்டாரே கேள்வி! காப்பி எடுத்தால் எல்லாம் அப்படியே வருமா? எத்தனை வருஷம் நிற்கும்? திடீரென்று போய்விடுமா, இல்லை முன்கூட்டியே ஏதாவது அடையாளம் தெரியுமா? டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டிய அத்தனையையும் அந்தச் சீனரிடம் கேட்டார். நான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

சீனர் முதலில் கம்ப்யூட்டர் டேப்பைக் காட்டினார். பார்க்கப் பாட்டு கேசட் மாதிரிதான் இருந்தது, ஆனால் அதை ஓட்டுகிற மெஷின் தனியாம். அதன் விலைக்கு நான் இரண்டு தையல் மெஷின் வாங்கிப் போட்டுவிடுவேன். இந்த ஊர் ஈரத்துக்கு டேப்பில் பூஞ்சணம் வேறு பிடிக்கும் என்று அவரே ஒத்துக்கொண்டார். சரி, உள்ளங்கை அளவு டிஸ்கெட்டில் போட்டு பேங்க் பெட்டகத்தில் வைக்கலாம் என்றார் இவர். பெட்டகத்தைத் திறக்க யார் கையெழுத்து என்று நான் கேட்டேன். உன் கையெழுத்துதான் என்று சொல்ல ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்தார். பெட்டகப் பேச்சு அதோடு போயிற்று.

கடைசியில் சீனர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். டிஸ்கெட் போதும், ஆனால் ஒரு காப்பியாவது வேறு கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். தீ பிடித்தாலும் வெள்ளம் வந்தாலும் இரண்டும் சேர்ந்து போகக்கூடாது.

வேறு கூரை என்றதும் இவர் முகம் மலர்ந்துவிட்டது. "தங்கச்சி வீடு இருக்கே, பாலிக் புலாவ்ல."

என் நாத்தனார் நல்ல பெண். அவர்கள் வீடு மேட்டில், டுரியான் மரங்களுக்கும் ஜாதிக்காய் மரங்களுக்கும் நடுவில் இருக்கிறது. எந்த வெள்ளமும் ஏறாது. ஆனால் அவள் காதில் ஒரு சேதி விழுந்தால், அவள் பஸ் ஏறுவதற்குள் சேதி பட்டணம் வந்து சேர்ந்துவிடும். வாய் அப்படி. இது எனக்கு மட்டும் தெரிந்ததில்லை, என் வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இவர் யோசிக்க விடவில்லை. கடையில் துணி கொடுக்க வந்த பெண்களிடம், ஏதோ நல்ல சேதி சொல்வது போல், உங்கள் அளவெல்லாம் இனி பாலிக் புலாவில் பத்திரமாக இருக்கும் என்று சொல்லிவிட்டார்.

மறுநாளே பஞ்சாயத்து கூடிவிட்டது. முன்னால் நின்றவர் ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியை அக்கா, யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர் நிமிர்ந்து பார்த்தால் இன்றைக்கும் பள்ளிக்கூடம் அடங்கும். கைப்பையைக் கவுண்டரில் வைத்தார்.

"என் இடுப்பு ஏன், தங்கச்சி, பாலிக் புலாவுக்குப் போகணும்?"

எனக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன். இவர் விளக்கப் புறப்பட்டார். அது இடுப்பு இல்லை, இடுப்பின் விவரம்தான், அதுவும் டிஸ்கெட்டுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் என்றார். கண்ணுக்குத் தெரியாவிட்டால் அது எதற்கு என்று அந்த அக்கா கேட்டார். பின்னால் நின்ற இன்னொரு அம்மாள், பஸ்ஸில் எவன் கையிலாவது சிக்கினால் என்ன ஆகும் என்றார். ஏதோ அவர் இடுப்பைத் திருடிக்கொண்டு போக ஆள் போட்டு வைத்திருக்கிற மாதிரி பேச்சு. தலைமையாசிரியை அக்காவே தீர்ப்பும் சொன்னார்: அவரவர் அளவு அவரவர் வீட்டில் இருக்கட்டும்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இவருக்கோ பரம சந்தோஷம். ஒரு கூரை கேட்டவருக்கு ஊர்க் கூரையெல்லாம் கிடைத்துவிட்டதே! பெட்டி பெட்டியாக டிஸ்கெட் வாங்கிவந்தார். நான் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டு நகர்ந்துகொள்வேன். அவர் எண்களைப் பார்க்காமல், முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி வீட்டுக்கு ஒன்றாகக் காப்பி எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு காகித உறை, உறையின் மேல் கடை முத்திரை. எச்சில் தொட்டு உறை ஒட்டும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. எனக்கும் பயம்தான். எனக்கு ஒட்டுவதற்கு உறைகூட இல்லை.

டிஸ்கெட்டுகள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. பட்டுப் புடவைகளுக்கு நடுவில் சிலர் வைத்தார்கள். நகைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவர்களும் உண்டு. எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது, நவராத்திரி வரும் வரைக்கும்.

சரஸ்வதி பூஜைக்குப் பிள்ளைகளின் புத்தகம், பேனா, தொழில் சாமான் எல்லாவற்றையும் சாமி முன்னால் அடுக்குவோம். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, அன்றைக்கு யாரும் அதைத் தொடக்கூடாது. நான் கத்தரிக்கோலுக்கும் மெஷின்களுக்கும் வைத்தேன். கம்ப்யூட்டருக்கும் நெற்றியில் ஒன்று வைத்தேன். டிஸ்கெட்டைப் பற்றி எனக்கு நினைப்பே வரவில்லை. என் வாடிக்கைக்காரர்களுக்கு வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் சமாச்சாரம், படிப்பு சம்பந்தப்பட்டது, அதைப் போய் அலமாரியில் பூட்டி வைப்பதா? ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லாரும் எடுத்துப் பூஜையில் வைத்துவிட்டார்கள்.

காப்பியைச் சோதித்துப் பார்க்காவிட்டால் அது காப்பியே இல்லை என்று சீனர் முன்பே சொல்லியிருந்தார். பூஜை முடிந்த வாரம் இவர் எல்லாரிடமும் சொல்லியனுப்பி டிஸ்கெட்டுகளை வரவழைத்தார். வந்ததைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். டிஸ்கெட்டின் ஓரத்தில் பளபளவென்று ஒரு தகடு இருக்குமே, பொட்டு வைக்க அதைவிட நல்ல இடம் ஏது? எல்லாத் தகட்டிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். தலைமையாசிரியை அக்கா தகட்டை ஒதுக்கிப் பார்த்து, உள்ளே இருந்த கறுப்புத் தட்டுக்கும் மறக்காமல் வைத்திருந்தார். ஒன்றில் கற்பூரம் பட்டு முனை உருகியிருந்தது. இன்னொன்றில் சுண்டல் ஒட்டியிருந்தது.

ஏன் அக்கா இப்படிச் செய்தீர்கள் என்று நான் கேட்டதற்கு, அவர் நிதானமாகப் பதில் சொன்னார். உனக்கு ஆப்பரேஷன் என்று கேள்விப்பட்டேன், உன் பொருள் எங்கள் வீட்டில் இருக்கிறது, அதைச் சாமி முன்னால் வைக்காமல் எதை வைப்பேன் என்றார். எனக்கு ஆப்பரேஷன் என்று அவருக்கு யார் சொன்னது? நாத்தனார்தான். அவள் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். எல்லாரும் அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். நான் திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தையெல்லாம் போன இடம் தெரியவில்லை.

கூடையில் போட்டுக் கொம்தாருக்குத் தூக்கிக்கொண்டு போனார் இவர். நானும் போனேன். சீனர் சிரிக்கவில்லை. அவர் கடைச் சுவரிலும் ஊதுவத்தி புகையும் ஒரு சாமி மேடை உண்டு. ஒன்றை எடுத்து மோந்து பார்த்து, இதற்கெல்லாம் பூஜை ஆகிவிட்டதா என்று மலாயில் மரியாதையாகக் கேட்டார். பஞ்சை நனைத்துத் துடைத்துத் துடைத்துப் போட்டார். பல டிஸ்கெட்டுகள் கறகறவென்று அரைத்துவிட்டு நின்றன, அவர் கம்ப்யூட்டரின் வாயும் சிவந்துபோயிற்று. சில மட்டும் உயிரோடு வந்தன. வந்தவை திரையில் ஒரு ரகசியச் சொல்லைக் கேட்டன. அதைப் போட்டால்தான் அளவு தெரியும், நான் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுத்த வாக்குக்காக அப்படிச் செய்து வைத்திருந்தேன்.

சீனர் இவரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். அந்தச் சொல் இவருக்குத் தெரியாது என்று சீனருக்குப் புரிந்துவிட்டது. எத்தனை காப்பி எடுத்தாலும், எத்தனை கூரையில் வைத்தாலும், இந்த ஒரு சொல் வேறொருத்தருக்குத் தெரியாவிட்டால் அத்தனையும் வெறும் பிளாஸ்டிக்தான் லா என்று அவர் வழக்கப்படி இழுத்தார்.

இவர் அன்றைக்கே கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. புதிதாகக் காப்பி எடுத்தார், சொல் இல்லாமல் யாராலும் திறக்க முடியாதே என்று நானும் சம்மதிக்க, அந்தக் காப்பிகளை நாத்தனார் வீட்டுக்கே அனுப்பினார். சொல்லைப் பற்றிப் பேச்சே இல்லை. தீபாவளி வந்தது, ரவிக்கைகள் எல்லாம் சொன்ன நாளில் போய்ச் சேர்ந்தன. அப்போதும் கேட்கவில்லை. நான் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். அந்த நாட்களில் அவர் குடித்த தண்ணீருக்குக் கணக்கே கிடையாது.

ஆப்பரேஷன் அன்று காலையில், ஆஸ்பத்திரி உடுப்பைப் போட்டுக்கொண்டு, வளையல்களைக் கழற்றி இவர் கையில் கொடுத்துவிட்டுப் படுத்திருந்தேன். தாலியைக் கழற்ற மாட்டேன் என்று நான் அடம்பிடித்ததால், மலாய் நர்ஸ் அதைப் பிளாஸ்டர் போட்டு ஒட்டிவிட்டாள். தள்ளுவண்டியும் வந்துவிட்டது. இனி நேரமில்லை.

"கிட்ட வாங்க. அந்தச் சொல்லைச் சொல்லிடறேன்," என்றேன்.

இவர் கிட்ட வருவதற்குப் பதில் ஓரடி பின்னால் போனார். வளையல்களைப் பிடித்தபடியே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"என்ன பைத்தியமா உங்களுக்கு? இத்தனை நாளா ஊரையே கூட்டி வச்சு ஆடினீங்க. இது தெரியலேன்னா அத்தனையும் குப்பை."

"குப்பையாவே கிடக்கட்டும். நீ வந்து சொல்லு."

நர்ஸ் வண்டியைத் தள்ளினாள். லிஃப்ட் கதவு மூடும்வரை கூடவே நடந்து வந்தார். காதிலிருந்து கையை எடுக்கவே இல்லை.